முத்திரை ஏறாத கட்டை

அண்மையில், இங்கே சுவிஸில், திரிம்பாக் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒருவர், என் தாய்மாமனைக் குறித்து, "வேலை தெரியாமல் முதலாளி கலைச்சுவிட்ட ஆள்" என்றார். இருந்தவர்களும் தலையசைத்தனர். மறுமொழி கூற மாமா இன்று இல்லை, நான் இருக்கிறேன். ஆகவே இதனை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஆரா நகரில் மாமா ஒரு தச்சுப் பட்டறையிற் பணியாற்றினார். அம்மாவுக்கு வேலையுள்ள சனிக்கிழமைகளில் என்னையும் அழைத்துச் செல்வார். அந்த இலையுதிர்காலத்தில், பழைய சுவிஸ் படையின் குறிசூட்டுத் துப்பாக்கி ஒன்று பட்டறைக்கு வந்தது. தோளில் அணைக்கும் அதன் மரக்கட்டை பிளந்திருந்தமையால், வால்நட் மரத்திற் புதியது செய்யவேண்டியிருந்தது.

மாமா இரும்புப் பகுதியை விளக்குப் புகையிற் காட்டுவார். கரி படிந்ததும் மரத்தில் இறக்கி எடுப்பார். மரத்திற் கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியாற் சீவுவார். மறுபடி புகை, மறுபடி உளி. துப்பாக்கிக்குக் கண்மை தீட்டுகிறார் என்றே நான் நம்பியிருந்தேன். முடிவில், இடையே ஒரு தாளும் நுழையாதபடி இரும்பும் மரமும் பொருந்தின.

முதலாளி மகிழ்ந்தார். பின்னர் சுத்தியலையும் முத்திரை அச்சுகளையும் நீட்டினார். பழைய கட்டையிலிருந்த சிறு சிலுவையையும் இலக்கத்தையும் புதியதிலும் அடிக்கவேண்டும். அப்போதுதான் படை வழங்கிய கட்டையென்று கூடிய விலைக்குப் போகும். மாமா அச்சுகளைத் தொடவில்லை. தமக்குத் தெரிந்த சிறிதளவு ஜெர்மன் மொழியில், தாம் செய்தது புதியது என்று மட்டும் சொன்னார். அடிக்காவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார் முதலாளி. மாமா வேலை மேலாடையைக் கழற்றி, மடித்துவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

மாலையில் அம்மா சோறு போட்டபடியே தொடங்கினார்.

"உன்ர விசா அந்த வேலையிலதான் நிக்குது. தெரியுமோ?"

"ஓம்."

"மரத்தில ஒரு குத்து குத்த ஏலாதாம் இவருக்கு. நீ இஞ்ச வந்த பாஸ்போட்டில ஆற்ற பேர் இருந்தது, உண்மை பேசுற பெரிய மனிசன்?"

மாமா சோற்றுக் கோப்பையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அது உயிருக்கு, அக்கா. இது விலைக்கு."

அம்மா அவருக்கு இன்னோர் அகப்பை சோறு போட்டார்.

மாமா இன்டர்லாக்கனுக்குச் சென்று, ஒரு விடுதிச் சமையலறையிற் சட்டி கழுவினார். விசாவும் நெடுநாள் இழுபட்டது. இரண்டும் பொய்தானே, வழக்கில் அம்மாவே வென்றார் என்று அன்றிரவே நான் தீர்ப்பளித்திருந்தேன். வென்றவர் ஏன் தோற்றவருக்குச் சோறு கூட்டிப் போட்டார் என்பதுதான் விளங்கவில்லை.

துப்பாக்கிப் பகுதிகளின் பெயர்களிலும் முத்திரையின் விவரங்களிலும் நான் பிழை விட்டிருக்கக்கூடும், அறிந்தோர் திருத்துக. மாமாவுக்கு வேலை தெரியாது என்று திருத்த வருவோர் மட்டும், அந்தக் கட்டையைத் தேடிப் பிடித்து, இரும்புக்கும் மரத்துக்கும் இடையே முதலில் ஒரு தாளை நுழைத்துக் காட்டட்டும்.