இருபத்தைந்து முடிச்சோடு மெட்ராஸ் போய் வந்தோம்

நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. என் மகள் மீனா தூங்கினால்தான் எனக்குக் கை ஓயும். இன்று அவள் கண்ணை மூடவே பதினொன்று ஆகிவிட்டது.

ஹாஸ்டலில் ஒன்றாக இருந்த நாம் ஐந்து பேரும் மாறி மாறி எழுதும் நோட்டு சுற்றி வந்து என் கைக்குக் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் நாலு பேரும் கொடைக்கானல், மைசூர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதப்போவது ஒரு டாக்டரைப் பார்க்கப் போய் வந்த பயணம். இதை எழுதலாமா என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மேரி தன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் இதே காரியத்துக்குப் போக நினைப்பதாகவும், பஸ் நேரத்திலிருந்து எல்லாவற்றையும் எழுதும்படியும் கேட்டிருந்தாள். அந்த டீச்சருக்காக எழுதுகிறேன்.

உங்களில் இரண்டு பேருக்குத் தெரியும். மீனாவுக்கு ஏழு மாதம் ஆனபோது என் இடது மார்பில் கட்டி வந்தது. பால் கட்டிக்கொண்டது என்று நினைத்து நான்கு மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பி.எஸ்ஸி. படித்தவள்! பிறகு மதுரையில் காட்டி, புற்று என்று தெரிந்து, மார்பை எடுத்தார்கள். அதற்குமேல் கதிர் சிகிச்சை, எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல் 'கரண்டு வைத்தார்கள்'. ஒன்றே முக்கால் வருடம் ஓடிவிட்டது.

மீனாவைப் பால் மறக்கடித்தது நான் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது அவள் வேறு மடிகளில் தூங்கப் பழகியிருந்தாள். இப்போது என்னிடம்தான் படுக்கிறாள். ஆனால் தூக்கக் கலக்கத்தில் என் இடது பக்கம் தலையைச் சாய்ப்பாள், எலும்பு குத்தும், முகத்தைச் சுளித்துக்கொண்டு உருண்டு போய்விடுவாள். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நொடி. அதற்காகத்தான் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் போனேன் என்றால் சிரிப்பீர்களோ என்னவோ. ரவிக்கைக்குள் நானே தைத்த பை இருக்கிறது. உள்ளே பஞ்சும், கனத்துக்குக் கொஞ்சம் கம்புத் தானியமும். வெளியே போக அது போதும். படுக்கும்போது கழற்றிவிடுவேனே.

போன சுற்றில் லலிதா எழுதியிருந்தாள், பம்பாயில் அவள் அண்ணிக்குத் தோலுக்கு அடியில் ஏதோ பை வைத்து மார்பு மாதிரியே செய்துவிட்டார்கள் என்று. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மெட்ராஸிலும் ஒரு டாக்டர் செய்கிறார் என்று தெரியவந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்க் கேட்டுட்டு வா. கேக்குறதுக்கு என்ன? அக்காவைக் கூட்டிக்கோ" என்றார். அக்கா என்றால் அவருடைய அக்கா, எனக்கு மதினி. தறிக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஓட்டிக் கொடுக்கிறவர். ஆஸ்பத்திரியில் என் கூடவே கிடந்தவரும் அவர்தான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய். ஆபரேஷன் ஆன பக்கம் ஜன்னலோரம் வருகிற மாதிரி சீட்டுப் பிடியுங்கள். இல்லாவிட்டால் முழங்கையும் கூடையும் அங்கேதான் வந்து இடிக்கும். காரியாபட்டியில் சந்தைக் கூட்டம் ஏறியபோது மதினி காலை அகட்டி எனக்கு மதில் மாதிரி நின்றார்.

"ஏம்மா, உள்ள தள்ளிப் போ! வழிய மறிச்சா எப்பிடி?" என்றார் கண்டக்டர். "நீரு டிக்கெட்டக் கிழியும். நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் மதினி. மதுரை வரை அவர் நகரவில்லை.

ரயில் இரவு ஏழே கால். மதுரையிலிருந்து எழும்பூருக்கு டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டு ரூபாய் சொச்சம், படுக்கைக்குத் தனி. பத்து நாள் முன்பே எழுதிவையுங்கள், கீழ்ப்படுக்கை கேளுங்கள். கையை ஊன்றி மேலே ஏறினால் தோள் இரண்டு நாள் வலிக்கும். காலை ஆறே முக்காலுக்கு எழும்பூர். அங்கிருந்து நர்சிங் ஹோம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இரண்டு ரூபாய். "ஆஸ்பத்திரிக்கா? யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று டிரைவர் கேட்டார். "யாருக்கும் இல்ல, ஒரு சாமான் பாக்கப் போறோம்" என்றார் மதினி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பியதிலிருந்து அப்போதுதான் சிரித்தேன்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். பார்க்க இருபத்தைந்து ரூபாய். முதல் கேள்வியே, "ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக் காகிதம் எங்கே?"

அந்தக் காகிதம் தேவைப்படும் என்று கிளம்பும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"தொலஞ்சு போச்சா?"

"தொலையல டாக்டரய்யா. நாந்தான் எரிச்சேன்" என்றார் மதினி.

எங்கள் வீட்டில் அது வழக்கம். பெரிய நோவிலிருந்து பிழைத்து வந்தால், ஊருக்குள் நுழையுமுன் ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த சேலை, பஞ்சு, சீட்டு எல்லாவற்றையும் எரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும்.

"எதுக்கும்மா எரிச்சீங்க?"

"சீட்டுல எங்க தெருப் பேரு, கதவு நம்பரு எல்லாம் எழுதியிருந்துச்சே. சீக்குக்கு வழி தெரிஞ்சுறக் கூடாதுல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "சரி. கரண்டு எத்தனை தடவை வச்சாங்க? அதாவது தெரியுமா?" நான் இருபது இருக்கும் என்றேன். முப்பதும் இருக்கலாம் என்றேன். அந்த நாட்கள் எனக்குக் கணக்கில் இல்லை.

மதினி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு சிவப்பு நூலை மேஜைமேல் வைத்தார். "இருபத்தஞ்சு. ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. இவ நல்லானதும் திருச்சுழி கோயில்ல கட்டணும்னு வச்சிருக்கேன்." பாவு ஓட்டும்போது சேலைக்குச் சேலை அளவு தெரிய அடையாள நூல் கட்டுவார்கள், அந்தக் கை சும்மா இருக்கவில்லை. டாக்டர் பேனா முனையால் ஒவ்வொரு முடிச்சாக எண்ணினார். "இருபத்தஞ்சு. நூல்ல எழுதின கேஸ் ஷீட்டை இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்றார்.

பிறகு தோலைக் கிள்ளி, நகர்த்திப் பார்த்தார். அவர் சொன்னதை டீச்சருக்கு அப்படியே எழுதுகிறேன். கரண்டு வைத்த தோல் இறுகிப்போகும், அதில் ரத்த ஓட்டம் குறைவு. கீறினால் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம், வைத்த பையையே திரும்ப எடுக்க நேரலாம். அடியிலிருக்கும் சதையையும் சேர்த்து எடுத்திருந்தால் இன்னும் கஷ்டம். அதற்காகத்தான் பழைய காகிதம். பை ஆயுசுக்கும் இருக்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. சிலருக்குச் சுற்றிலும் கெட்டிப்படும், மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும். பை வைத்துக்கொண்டாலும் நோய்க்கான பரிசோதனையை நிறுத்தக் கூடாது. பத்து நாள் அங்கேயே படுக்கை, பிறகு மூன்று வாரம் பக்கத்திலேயே தங்க வேண்டும். "காய்ச்சலோ சிவப்போ கண்டா உடனே வரணும். அருப்புக்கோட்டையில இருந்துக்கிட்டு கடிதம் போடக் கூடாது." ஆறு வாரம் குழந்தையைத் தூக்கவே கூடாது. ஆபரேஷனும் பையும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்.

கேட்டதும், மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பையைக் காட்டினார். கண்ணாடி போல, உள்ளே பாகு. மதினி வாங்கி உள்ளங்கையில் வைத்து அசைத்தார். "அட, நுங்கு மாதிரியில்ல இருக்கு! ஒரு சிட்டம் நூல் கனம் இருக்கும்." என் கைக்கு வந்தபோது அது குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் என் கைச்சூட்டை வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

மேரி, டீச்சரிடம் சொல், கேட்க வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகட்டும். நான் எழுதிப் போனது ஒன்பது கேள்வி. எழுதாத பத்தாவதுதான் வாயில் வந்தது.

"என் குழந்தை இதுமேல தலை வச்சா எனக்குத் தெரியுமா டாக்டர்?"

அவர் பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "தோல்ல இப்ப என்ன உணர்ச்சி இருக்கோ அதுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் அதுவும் குறையலாம். குழந்தைக்கு மெத்துன்னு இருக்கும். உங்களுக்குத் தெரியும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அடுத்த ஆர்டர் பட்டியல் பங்குனிக் கடைசியில் போகிறது. அதை விட்டால் ஆறு மாதம். மதுரைக் காகிதத்தின் நகலை அனுப்பி, சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் என் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார். "முடியாதுன்னு சொல்ல மாட்டேன், கட்டாயம் செஞ்சுக்குங்கன்னும் சொல்ல மாட்டேன்."

அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பினோம். வரும் வழியில் மதுரையில் இறங்கி நகலுக்கு எழுதிக் கொடுத்தோம். பெயரும் மாதமும் சொன்னால் போதும், பேரேட்டில் தேடி எடுத்துவிட்டார்கள். தபாலில் நேற்று வந்தது. சதையை எடுக்கவில்லை என்று இருக்கிறது. கரண்டு இருபத்தைந்து தடவை. நூல் பொய் சொல்லவில்லை. "எங்கிட்டக் கொடு, எம் பெட்டில வச்சுப் பூட்டுறேன்" என்று மதினியே வாங்கிக்கொண்டார். எரித்த கைதான் இப்போது சாவியை முடிந்து வைத்திருக்கிறது.

ஆக, டீச்சர் முதலில் தன் காகிதங்களைத் தேடி எடுக்கட்டும். கூட வருகிறவர் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். ஆறு வாரம் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்பதைப் புறப்படுமுன் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று திரும்பி வந்தாலும் அது வீண் பயணம் இல்லை.

எனக்கு மட்டும் முடிவு வரவில்லை. இவர் "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்கிறார். மதினி "அந்த நுங்கு உனக்கு வேணும்னா சொல்லு, ஆறு வாரம் புள்ளைய நாந் தூக்குறேன்" என்கிறார். எழுதி முடிக்கும் இந்த நேரத்தில் மீனா என் பக்கத்தில் கிடக்கிறாள். சற்று முன்புகூடத் தலையைச் சாய்த்து, சுளித்து, உருண்டு போனாள். அந்த ஒரு நொடி அவள் தலையின் கனம் எலும்பில் எனக்குத் தெரிகிறது. பை வைத்தால் ராத்திரி முழுக்க அங்கேயே தூங்குவாள். ஆனால் அவள் தூங்குவது எனக்குத் தெரியாமல் போகுமோ?

லலிதா, உன் அண்ணிக்கும் சின்னக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது அவர்மேல் தலை வைத்துத் தூங்குகிறதா? தூங்கினால் அவருக்குத் தெரிகிறதா? இதை மட்டும் கேட்டுச் சொல். நோட்டு உன்னிடம் திரும்பி வர நாளாகும், அதனால் இந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து உனக்குத் தனியாகவும் அனுப்புகிறேன். நீயும் தனியாக ஒரு கார்டு போடு. பங்குனி முடிவதற்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.