பொத்துவிலில் மாடு பார்க்கப் போன கதை: கொழுத்ததும் காதறுந்ததும்

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு கெஞ்சல். கல்முனைப் பக்கம் யாருக்கும் இதைக் காட்டாதீர்கள், பகிராதீர்கள். உம்மாவின் போனில் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். வாப்பாவுக்குத் தெரிந்தால் நான் தொலைந்தேன்.

வாப்பா மீன்பிடியை விட்டுவிட்டு, இறைச்சிக்கு மாடு வளர்க்கப் பட்டி போடப் போகிறார். படகு எஞ்ஜினை விற்ற காசு ஒரு மாட்டுக்கும் கொட்டிலுக்கும்தான் காணும். அந்த ஒரு மாடு கன்று போடாவிட்டால் பட்டியும் இல்லை, திரும்பிப் போகக் கடலும் இல்லை. பள்ளி லீவு என்பதால் நேற்று என்னையும் கூட்டிப் போனார்கள். உயர்தர வகுப்பில் நான் விவசாயம் படிக்கிறேன். ஆனால் கூட்டிப் போனது அதற்காக இல்லை, சோற்றுப் பொதியைத் தூக்க.

சாய்ந்தமருதிலிருந்து பொத்துவில் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். காலை ஆறு மணிக்கு, வாப்பாவின் தம்பியான சாச்சாவின் வேனில் புறப்பட்டோம். அக்கரைப்பற்றில் தேநீர் குடித்தார்கள்; எனக்கு வேனுக்குள் தின்ன ஒரு பணிஸ் வந்தது. கோமாரி தாண்டியதும் யானை நடமாடும் பாதை, இருட்டில் போகாதீர்கள். எட்டு மணிக்கு மாடு விற்கிறவரின் பட்டியில் நின்றோம்.

இனத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். சாச்சாவுக்குப் பெரிய வெள்ளை கறுப்புச் சீமை மாடுதான் ஆசை. அது எங்கள் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு நிற்கும். வைக்கோலையும் அறுவடை முடிந்த வயற் புல்லையும் தின்று உடம்பு பிடிப்பது சாஹிவால், பிராமன் கலந்த நாட்டு மாடுதான். நல்ல வேளை, அந்தப் பட்டியில் இருந்ததெல்லாம் அந்தக் கலப்புத்தான்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அறுத்துப் பங்கிடும் குர்பான் மாட்டைத் தெரிவு செய்கிறவர் சாச்சா. குறையில்லாத மாடாக இருக்க வேண்டும், பல் விழுந்து முளைத்திருக்க வேண்டும். அந்தக் கண்ணோடேயே வந்திருந்தார்.

"காக்கா, இதப் பாருங்க," என்று வாப்பாவிடம் ஒரு சிவப்பு மாட்டைக் காட்டினார். "கொம்பு ரெண்டும் நேர். காதுல ஒரு கீறல் இல்ல. முதுகு மினுங்குது!"

வாயைத் திறந்து பார்த்தார். "பல்லும் விழுந்திரிக்கி. வேற என்ன வேணும்?"

நானும் எட்டிப் பார்த்தேன். கீழ்ப் பல் எட்டும் முளைத்துத் தேய்ந்திருந்தன. ஐந்து வயதுக்கு மேல். அந்த வயது மாட்டுக்கு மடி, கன்றே காணாத கிடாரியின் மடி மாதிரி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. வாலடியில் இரண்டு பக்கமும் கொழுப்புக் கட்டி. பால் கொடுக்காத, கன்று சுமக்காத மாடு கொழுக்காமல் என்ன செய்யும்?

"வாப்பா, இது எத்தின கண்டு போட்ட எண்டு கேளுங்க."

"டொக்டரம்மா வந்துட்டா!" என்றார் சாச்சா. "வாலத் தூக்கிப் பாக்கிற பொம்புளப் புள்ளய இண்டைக்குத்தான் காணுறன்."

பட்டிக்காரர் சேர்ந்துகொண்டார். "போடும் தங்கச்சி, போடாமப் போகுமா? வேணுமெண்டா அதுக்கிட்டயே கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். சாச்சாவின் சிரிப்பை விட அதுதான் எனக்கு எரிந்தது, இன்னும் எரிகிறது.

வேலியோரம் ஒரு மெலிந்த மாடு. வலது காது பாதி இல்லை. இடுப்பு அகலம், நான்கு காம்பும் ஒரே அளவு, பிடரியில் நான் கை வைத்தும் அசையவில்லை. அதன் கன்றோ உருண்டு திரண்டு நின்றது. தாயின் உடம்பு முழுக்கக் கன்றுக்குள் போயிருந்தது.

"காதறுந்ததா? அது வருசா வருசம் போடும்," என்றார் பட்டிக்காரர். "விலையும் குறவு. நாளைக்கு ஒராள் வாறன் எண்டிரிக்கான்."

"காதில்லாததக் கொண்டு போனா ஊர் சிரிக்கும்," என்றார் சாச்சா. "நீ வேனுக்குப் போ புள்ள."

பெருநாளைக்கு அறுக்கிற மாட்டுக்குக் காது வேண்டும். ஆண்டுதோறும் பெறுகிற மாட்டுக்குக் காது எதற்கு? இதைக்கூட யோசிக்காத இரண்டு பெரிய ஆண்கள், வாயைத் திறந்த என்னை வேனுக்குள் அடைத்தார்கள். கொழுத்ததற்கே விலை பேசி முடித்தார்கள்.

மிருக வைத்தியரின் கடிதமும் அனுமதிப் பத்திரமும் இல்லாமல் மாட்டை ஏற்ற முடியாது, நீங்களும் ஏற்றாதீர்கள். அதனால் மாடு இன்று காலைதான் வரும். அந்த இடைவெளியில்தான் நான் செய்தேன். இரவு வாப்பா தொழப் போனபோது அவருடைய போனில் பட்டிக்காரருக்கு எழுதினேன்: "கொழுத்தது வேணாம். காதறுந்த மாட்டையும் கண்டையும் ஏத்துங்க." அனுப்பிவிட்டு அழித்தேன். செய்தது களவுதான். ஆனால் சரியான மாட்டைத்தான் எழுதினேன்.

மாடு பார்க்கப் போகிறவர்களுக்கு: பட்டியிலேயே கொழுத்த பசுவைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். பல்லையும் மடியையும் சேர்த்துப் பாருங்கள். தாயைப் பார்க்கிற நேரத்தில் பாதியைக் கன்றுக்குக் கொடுங்கள். கூட வருகிற பிள்ளை ஏதாவது சொன்னால்

வாப்பாவின் போன் அடிக்கிறது. விடியாத இந்த நேரத்தில் யார்?

"அலைக்கும் ஸலாம்... ஓம், நான்தான்... எந்த மாடு?... நானா அனுப்பின?"

போர்வையை இன்னும் இழுத்து மூடுகிறேன்.

"கண்டோடயா?... கொஞ்சம் பொறுங்க, மறுகா எடுக்கிறன்."

செருப்புச் சத்தம். என் அறைப் பக்கம்தான். கதவைத் தட்டுகி