தனலெட்சுமி போட்ட கணக்கு

“அம்மா போயிட்டாங்க அங்கிள்.” சுங்கை வேயில் பஸ்ஸுக்கு நின்றபோது தனலெட்சுமியின் மகள் கைபேசியில் சொன்னது இவ்வளவுதான். நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

கிள்ளானில் பட்டறைகளுக்கு ஆக்சிஜன் நிரப்பித் தரும் நிறுவனமொன்றில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சிலிண்டர்களைச் சோதிப்பவர்; நான் கிடங்குப் பதிவேடு எழுதுபவன். நிரப்பிய சிலிண்டர் ஆறுமுன் அழுத்தத்தைக் குறிக்கப் போனால் தடுப்பார். “சூட்டுல கூடத்தான் காட்டும்லா. ஆறட்டும், அப்புறம் எழுது.” வெளியே லோரிகள் வரிசையில் நிற்கும். அவர் அசையமாட்டார். அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில், அங்கே வேலை பார்த்த பலருக்கு அந்தக் காத்திருப்பு நினைவிருக்கும்.

ஒரு மதியம் எங்கள் லோரி டிரைவர் சேகர், ஜெஞ்சாரோமில் ஒரு பட்டறையில் சிலிண்டர்களை இறக்கும்போது ஒன்று வெடித்தது. அங்கேயே இறந்துபோனார். லோரியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதுதான் காரணம் என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். துக்க வீட்டிலேயே, சேகரின் மனைவி காதுபட அதைப் பேசினார்கள்.

விசாரணையில் தனலெட்சுமி ஒரு தாளோடு எழுந்தார்.

“மூடின சிலிண்டர்ல கேஸ் எங்கேயும் போக முடியாது. சூடு ஏறினா அழுத்தமும் ஏறும், உண்மைதான். எவ்வளவு ஏறும்னு பாருங்க சார். காலையில இருபத்தேழு டிகிரி. வெயில்ல ஐம்பத்தேழுன்னே வச்சுக்குங்க. கெல்வின்ல போட்டா முந்நூறு, முந்நூத்தி முப்பது. பத்துல ஒரு பங்குதான் கூடுது. ஒன்றரை மடங்கு அழுத்தத்தைத் தாங்குதான்னு பார்த்துத்தான் நாங்க சிலிண்டரை வெளியே விடுறோம். வெயிலால இது வெடிக்காது. சிலிண்டர்தான் கெட்டது.”

“அது உங்ககிட்ட சோதனைக்கு வந்துச்சா?” என்று அதிகாரி கேட்டார்.

“வரல சார்.”

சோதனை நடந்ததாகப் பதிவேட்டில் தேதி இருந்தது. மேனேஜர் சொல்லி அதை எழுதியவன் நான். என்னைக் கேட்டபோது, “பதிவேட்டுல உள்ளதுதான் சார்” என்றேன்.

வெடித்த துண்டுகளின் உட்புறம் துரு அரித்திருந்தது. சேகர் மேல் தவறில்லை என்று முடிவானது. மேனேஜரும் மற்றவர்களும் பதிவேட்டில் எழுதுவதுண்டு என்பதால், அந்தத் தேதியை எழுதியது யார் என்பது வெளிவரவில்லை. அதிலிருந்து மூன்றாம் மாதம் தனலெட்சுமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றார். நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது நுரையீரல் கெட்டு, கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டரோடு படுத்திருந்தார். “முள்ளு பாதியில நிக்குது. பாதி கேஸ்தான் இருக்கு. மகள்கிட்ட சொல்லு,” என்றார். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“அந்தத் தேதியை எழுதினது நான்தான்.”

“உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“ஏன் சொல்லல?”

மூச்சை இழுத்துக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. “நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்.”

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரை எரித்த மறுநாள் டெங்கிலுக்குப் போய்ச் சேகரின் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். தனலெட்சுமி என்னிடம் விட்டுப்போனது, அவர் எனக்காக வீணாகக் காத்திருந்த அந்த ஆண்டுகள்தான்.