மேசியா வந்தாச்சா என்று மச்சானைக் கேட்டேன்

ஜோகுபாளையத்தில் என் மச்சான் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பைபிளைக் கரைத்துக் குடித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். பாட்டு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். பைபிளிலேயே குட்டி வசனமான 'இயேசு கண்ணீர் விட்டார்' என்பதையே வருஷக்கணக்காகச் சொல்லி ஒப்பேற்றி வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்ள, இந்த ஒரே வசனத்த வச்சிக்கினு மோட்சத்துக்குப் போயிடலாம்னு பாக்குறீங்களா? இனிமே உங்களுக்கு முறை வேணாம். உங்களுக்கும் சேத்து தங்கச்சியே சொல்லட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். என் மனைவி மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அப்போதே முடிவு செய்தேன்: இதே வட்டத்தில் இந்த ஆளின் வாயை அடைத்து என் முறையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை. ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார், தெரியும். அது பெரிய வசனம், எனக்கு மனப்பாடம் இல்லை.

நான் பிளம்பர். அந்த வாரம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் கீசர் லைன் மாற்றும் வேலை. வீட்டுக்காரர் பம்பாயிலிருந்து வந்த வயதான யூதர். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்றைக்கு மட்டும் வராதே என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தெரிந்த இந்தியில் கேட்டேன்: "சார், இயேசு உங்க ஆளுதானே? அப்புறம் ஏன் ஏத்துக்கல?"

அவர் கோபப்படவில்லை. அவர்கள் எதிர்பார்க்கும் மேசியா கடவுள் இல்லையாம், மனுஷனாம். தாவீது ராஜா வம்சத்தில் வருவாராம். வந்தால் சண்டை நிற்கும், சிதறிப்போன ஜனம் ஊர் திரும்பும்.

"பேப்பரப் பாரு. சண்ட நின்னுடுச்சா? அதான் இன்னும் காத்துட்டிருக்கோம்" என்றார். ஒரு தடவை வந்து செத்து, மிச்சத்தை முடிக்க மறுபடி வருவார் என்பது அவர்கள் வேதத்தில், அதாவது நம் பழைய ஏற்பாட்டில், இல்லையாம். பாதி வேலையில் பைப்பைத் திறந்துபோட்டு 'நாளைக்கு வரேன்' என்று ஓடுகிற எனக்கு இது சட்டென்று புரிந்தது.

"சண்டைக்குச் சொல்லல. நீ கேட்ட, சொன்னேன்" என்றார். நான் சண்டைக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த கூட்டத்தில் மச்சான் பேசி முடித்ததும் கையைத் தூக்கினேன்.

"மச்சான், மேசியா வந்தா சண்டையே இருக்காதுன்னு பழைய ஏற்பாட்டுல இருக்குதாமே. நின்னுச்சா?"

"அது ரெண்டாம் வருகையில, மாப்ள."

"ரெண்டு தபா வருவாருன்னு பழைய ஏற்பாட்டுல எங்க இருக்குது? கொஞ்சம் காட்டுங்க."

புரட்டினார். ஏசாயா புத்தகத்துக்குப் போனார், தானியேலுக்குப் போனார், திரும்பவும் ஏசாயாவுக்கு வந்தார். டீயில் ஆடை கட்டியது. அவர் நெற்றியில் வேர்வை. எனக்குப் பிரியாணி சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"எவனோ யூதன் பேச்சக் கேட்டுட்டு வந்து இங்க பேசறியா நீ?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நாம கும்புடுறவரும் யூதர்தானே, மச்சான்?"

முதலில் சிரித்தது என் மனைவி. பிறகுதான் மற்றவர்கள். மூலையிலிருந்த பெரியம்மா ஒருவர், "உன் முறைய நீயே சொல்லுப்பா" என்றார். மச்சான் முகத்தைப் பார்த்தபடி, அதே குட்டி வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள்: "அண்ணன் மூஞ்சியே செத்துப்போச்சு, பாவம். மன்னிப்பு கேட்டுடுங்க."

"கேக்குறேன். அந்தப் பெரியவரு இன்னொரு கேள்வியும் சொல்லிக் குடுத்திருக்காரு. மொதல்ல அதக் கேட்டுட்டு."