வெள்ளாற்றுப் பாறைகளுக்கு நடுவே

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைவதற்கு முந்தைய ஆண்டு என் கணவர் ஊர் திரும்பினார். ரப்பர் தோட்டத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். பெட்டியை இறக்கிவைத்த மறுவாரமே ஆசாரியைத் தேடிப் போய், மெல்லிய மாம்பலகையில் இரண்டு பேர் உட்காரும் ஒடுக்கமான படகு ஒன்றைச் செய்யச் சொன்னார்.

மலாயாவில் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில், நுரைத்துப் பாயும் தண்ணீரில், பாறைகளுக்கு இடையே படகு விடுவது ஒரு விளையாட்டாம். லீவு நாட்களில் இவரும் போவாராம். எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு மேற்கே, வெள்ளாற்றங்கரையில். ஆற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மட்டும், ஊருக்கு மேலே பாறைகள் கிடக்கும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாய்க் கொதிக்கும். அதில் இறங்கியே தீருவது என்று இருந்தார்.

கூட வர ஒருவரும் முன்வரவில்லை. "நான் வாரேங்க" என்றேன். கண்மாயில் நீந்தி வளர்ந்தவள் நான். தண்ணீரைக் கண்டு எனக்குப் பயமில்லை.

"சரி. முன்னாடி ஆடாம அசையாம உக்காந்திரு. அது போதும்" என்றார்.

ஐப்பசி வெள்ளம் வந்ததும் இறங்கினோம். முதல் பாறையிலேயே படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. நனைந்த துணிகளோடு படகை இழுத்துக்கொண்டு கரையேறினோம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

"மீனு புடிக்கப் போனீங்களா?"

"இல்லீங்க" என்றார் கணவர்.

"அக்கரைக்குப் போகணுமா?"

"இல்லீங்க."

"பெறகு எதுக்குத்தான் போனீங்க?"

கணவர் படகைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். வீட்டில் மாமியார் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "அவன்தான் கிறுக்குப் புடிச்சுத் திரியிறான். ஒனக்கு எங்கடி போச்சு புத்தி?"

கவிழ்ந்தது எதனால் என்பதிலேயே என் மனம் நின்றது. சாப்பாடு போடும்போது அவரிடம் சொன்னேன்.

"எனக்கும் ஒரு துடுப்பு வேணுங்க. பாறை மொதல்ல என் கண்ணுலதான் படுது. நான் கத்தி, அது ஒங்களுக்குக் கேட்டு, நீங்க திருப்புறதுக்குள்ள மோதிருது. மூட்டை மாதிரி உக்காந்து வர்றதுக்கு நான் வரல."

"அங்கயும் முன்னாடி இருக்கவன் துடுப்பு போடுவான்தான். ஒனக்குக் கை வலிக்குமேன்னு நெனச்சேன்" என்றார்.

துடுப்பு வந்தது. கண்மாயின் அசையாத தண்ணீரில் இருவரும் ஒரே தாளத்தில் வலிக்கப் பழகினோம். என் உள்ளங்கைகள் கொப்புளித்து, உடைந்து, காய்த்தன. அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வழவழவென்று கறுப்பாய் நாக்குப்போல் இறங்கினால் அதுதான் வழி. நுரை பொங்கும் இடத்தில் கீழே கல் இருக்கும். தண்ணீரைவிட வேகமாகப் போனால்தான் படகு சொன்னபடி கேட்கும். பாறையில் இடித்தால் பயந்து விலகாமல் பாறைப் பக்கமே சாய வேண்டும்; விலகிச் சாய்ந்தால் தண்ணீர் உள்ளே ஏறிக் கவிழ்த்துவிடும்.

அடுத்த முறை பாதி தூரம் போய்க் கவிழ்ந்தோம். என் முழங்கை கிழிந்தது. காயம் ஆறும்வரை பொறுத்துக்கொண்டேன். வெள்ளம் வடிந்துவிடுமோ என்பது ஒன்றே கவலை.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. ஆறு நிறைந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. கறுப்பு நாக்கைக் கண்டதும் துடுப்பை இடதுபுறம் ஆழக் குத்தி இழுத்தேன்; படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. பின்னால் அவர் அதைப் பிடித்து நேராக்கினார். அலை மார்பில் அறைந்தது. ஒரு பாறை படகின் விலாவில் உரச, உடம்பெல்லாம் விலகத் துடித்தது; பல்லைக் கடித்துக்கொண்டு அதன் பக்கமே சாய்ந்தேன். படகு வழுக்கி இறங்கியது. பெரிய பாறை ஒன்றின் பின்னால் தண்ணீர் அமைதியாய்ச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் புகுந்து மூச்சு வாங்கினோம். மிச்சமிருந்த பாறைகளையும் கவிழாமலே கடந்தோம்.

கீழே அகன்ற தண்ணீரில் படகு நின்றது. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "வீட்டுக்குப் போவமா?"

"ஒருக்கா கவுறாம வந்தது தற்செயலாக்கூட இருக்கும். தூக்குங்க, மேல போவோம்" என்றேன்.

படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, கரையோரச் சேற்றில் அவர் முன்னும் நான் பின்னுமாக நடந்தோம்.