அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

சபையாருக்கு ஸ்தோத்திரம். நின்று பேச இன்னும் மூச்சு போதவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எரியோட்டில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டும்போது இருமல் வந்தது. வாயைத் துடைத்தால் கையெல்லாம் ரத்தம். அடுத்த இருமலுக்கு வாய் நிறைய வந்தது. திண்டுக்கல்லில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கொடைரோட்டைத் தாண்டும்போது இனி வீடு திரும்ப மாட்டேன் என்றே நினைத்தேன். பயப்படக்கூடத் தெம்பில்லை.

மதுரை டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "டிபி மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"அவரு நிறுத்தலையே டாக்டர், ஆறு மாசமும் முழுங்குனாரே" என்றாள் என் மனைவி எஸ்தர். நான் தலை குனிந்தேன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாத்திரை தொடங்கி இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. இதே சபையில் எழுந்து, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். கைதட்டினீர்கள். மறுநாள் காலை மாத்திரையை எடுத்தபோது அவிசுவாசம் போல உறுத்தியது. சுகமானவனுக்கு மருந்து எதற்கு? சபையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சாக்கடையில் போட்டேன். பிறகு தினமும் போட்டேன். நோய் உள்ளே நுரையீரலை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"தொடை இடுக்கு வழியா மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, கசியிற ரத்தக் குழாய அடைக்கணும். மயக்கம் தரமாட்டோம். அசையாமப் படுத்திருங்க, அடக்க முடிஞ்சா இருமாதீங்க" என்றார் டாக்டர்.

முழங்கால் போட முடியாது. சத்தமாக ஜெபிக்க முடியாது. தொண்டையில் ரத்தம் கரகரத்தது. "ஆண்டவரே, உம்ம பேரைச் சொல்லி அவசரப்பட்டுட்டேன். இந்த இருமல மட்டும் செத்த நேரம் புடிச்சு வையும்" என்று மனதுக்குள் கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, இருமல் வரவில்லை. "அடைச்சாச்சுங்க" என்ற குரல் கேட்டதும் அழுதுவிட்டேன்.

இப்போது மறுபடியும் மாத்திரை. குமட்டுகிறது, உடம்பு அடித்துப்போட்டது போல் அசந்து கிடக்கிறது. எஸ்தர் என்னை நம்புவதில்லை. முழுங்கியதும் "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். அவளையும் அந்த டாக்டரையும் கொடுத்த கர்த்தருக்கு நன்றி.

இந்த முறை கைதட்ட வேண்டாம். உங்களில் யாராவது என்னைப் போலச் சாட்சி சொல்லிவிட்டு மருந்தை நிறுத்தியிருந்தால், கர்த்தரை நம்பி என்னிடம் வாருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சேர்ந்தே போகலாம்.