பதினேழாம் எண் பெட்டி

சென்ற வாரம் ஏரல் பக்கத்து விவசாயி சுடலைமுத்து ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெட்டியை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"நர்ஸம்மா போயிட்டாவ அண்ணாச்சி. பூசைக்குப் போயிட்டு வந்து படுத்தாவளாம். எந்திரிக்கல" என்றார்.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் மதலேனம்மாள் கையில் பிறந்தவர்கள். உங்களுக்கு அவர் நர்ஸம்மா. எனக்கோ, நான் ஜப்தி செய்த ஆஸ்பத்திரியைக் கட்டிக்காத்தவர். கடனுக்குச் சாமான் ஜப்தி செய்யும் கோர்ட் அமீனா அஞ்சலி எழுதுவது வேடிக்கைதான். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி நொடித்த கதை உங்களுக்குத் தெரியும். முத்துக்குளிப்பு நடந்தால் ஒரு நாள் எடுக்கும் சிப்பி மாதா கோயிலுக்கு என்பது உங்கள் வழக்கம். அதை நம்பி, ஆஸ்பத்திரியை நடத்திய கோயில் சபைப் பெரியவர்கள் கடன் வாங்கிப் பிரசவ வார்டு கட்டினார்கள். கடலில் சிப்பி விளையவில்லை. வருஷா வருஷம் குளிப்பு தள்ளிப்போனது. யுத்த காலத்தில் மருந்து விலையும் ஏறிவிட, கடனைக் கட்ட முடியாதென்று சபை மஞ்சள் கடுதாசி கொடுத்தது. யாரும் திருடவில்லை, பாவம். "கடலுக்குள்ள கெடக்க முத்த வச்சு சொவரு எழுப்பிட்டோம்" என்பார் அம்மாள். ஒருவரையும் பெயர் சொல்லிக் குறை கூறியதில்லை.

நான் சாமான் பட்டியல் எடுக்கப் போன அன்று, பிரசவக் கருவிகள் இருந்த பெட்டியைப் பெரியவர்கள் கோயிலுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரியாதது போல் இருந்துவிட நினைத்தேன். அம்மாளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். "இத விட்டுட்டீரே அமீனாய்யா. எழுதும். கடன் குடுத்தவனும் பிள்ளகுட்டிக்காரன்தான்." வெள்ளைப் பெயிண்டால் மூடியில் பதினேழு என்று எழுதினேன்.

அடுத்து ஒரு கட்டிலுக்குப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். "இத மட்டும் பொறவு எழுதும். இதுல ஒரு பிள்ள வந்துக்கிட்டு இருக்கு." சுடலைமுத்துவின் மனைவி வலியில் கிடந்தாள். நான் வெளியே மணலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதியம் குழந்தை அழுத பிறகுதான் பதினெட்டு எழுதினேன்.

ஏலத்தன்று நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. கடனில் போகும் மீன்பிடி வள்ளத்தைச் சொந்தக் கரைக்காரன் ஏலம் கேட்பது அவமரியாதை என்பது உங்கள் கட்டுப்பாடு. மாதா சாமானுக்கும் அதே மரியாதையைச் செய்தீர்கள். கும்பிட்ட கையோடு நின்றீர்கள். வெளியூர்ப் பழைய சாமான் வியாபாரி ஒருவன் கட்டில்களை அடிமாட்டு விலைக்கு அள்ளினான்.

"ஏலே, கேளுங்கலே! மரியாத பாத்துக்கிட்டு நிக்கீகளே, கட்டிலு போவுதுலே!" என்று அம்மாள் கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஏலம் போடும் அதிகாரி விலை கேட்கக் கூடாது என்பது சட்டம். நானும் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பதினேழாம் எண் வந்தபோது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. சுடலைமுத்து. "எங்க வயக்காட்டுப் பக்கம் இந்த வழக்கமெல்லாம் கெடயாது" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்து அம்மாள் காலடியில் வைத்தார்.

அம்மாள் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். "எனக்குத் தராதேயும். தந்தா ஆஸ்பத்திரி சாமான்னு திரும்பவும் வந்து எடுப்பாவ. பெட்டி உம்ம பேர்லயே இருக்கட்டும். நான் தூக்கிக்கிட்டு நடக்கேன்." அப்படியே செய்தார். ஆஸ்பத்திரி பூட்டப்பட்டது. அதன் பிறகு பிரசவத்துக்கு வீடு வீடாக நடந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவிக்கு நாள் நெருங்கியது. அம்மாளைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. யாரோ சொல்லி அவராகவே வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். கையில் பெட்டி. மூடியில் என் கையெழுத்தில் பதினேழு.

"இன்னைக்கி எழுத ஒண்ணுமில்ல அமீனாய்யா. போயி வெந்நி போடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

சுடலைமுத்து பெட்டியைத் திருச்செந்தூரில் புதிதாக வந்திருக்கும் ஒரு நர்ஸிடம் கொடுக்க எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். போகிற வழியில்தான் என்னிடம் சொல்ல வந்திருந்தார். நாங்கள் பேசி முடிப்பதற்குள், அன்று அம்மாள் கையில் பிறந்த என் மகள் ஓடிவந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னால் மாட்டேன் என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எத்தனையோ வீடுகளில் சாமானை இறக்கி வைத்த எனக்கு, அவளை அதிலிருந்து இறக்கக் கை வரவில்லை. மதலேனம்மாளிடமிருந்து எனக்கென்று இருப்பது அவள்தான்.